பள்ளி மூடிய காலத்தில் பாலியல் நலமும் பாலின சமத்துவமும்: ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச்சில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடியபோது ஆறாம் வகுப்பில் இருந்த ஒரு பெண்பிள்ளை, திரும்ப வகுப்பறைக்குள் வந்தது 2021 நவம்பர் 1 அன்று. அப்போது அவள் எட்டாம் வகுப்பு. மேல் வகுப்புகளையாவது நடுவில் கொஞ்ச நாள் திறந்தார்கள். ஆறு, ஏழு, எட்டுக்கு அதுவும் இல்லை. உடம்பு மாறுகிற வயது சரியாக அதுதான். முதல் மாதவிடாய் வருவதும், பையன்களுக்குக் குரல் உடைவதும், கையில் முதன்முதலாகப் போன் வருவதும் எல்லாம் அந்த இடைவெளியில் நடந்து முடிந்துவிட்டன. கணக்குப் பாடம் கல்வித் தொலைக்காட்சியில் ஓடியது. இந்தப் பாடத்தை யார் எடுத்தார்கள்?

அதே சமயம் வேறொன்றும் நடந்தது. நாடு முழுதும் ஊரடங்கு தொடங்கிய நாட்களில், 2020 மார்ச் 20 முதல் 31 வரை, 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் மூன்று லட்சத்துக்கும் மேல். அதில் 92,000-க்கும் அதிகமானவை வன்முறையிலிருந்தும் துன்புறுத்தலிலிருந்தும் காப்பாற்றச் சொல்லி வந்தவை. குழந்தைகளைச் சீண்டுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அந்தக் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள் என்று ஒவ்வொரு வருடமும் குற்றப் பதிவுகள் காட்டுகின்றன. அப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே வீட்டில் அடைபட்டுப்போன பிள்ளைக்கு, பள்ளிக்கூடம் மூடியது என்பது பேச இருந்த ஒரே ஆளும் போய்விட்டார் என்று பொருள்.

அடுத்த முறை தொற்று வந்தாலும் சரி, வெள்ளம் வந்து மாதக்கணக்கில் மூடினாலும் சரி, இந்தப் பாடத்தை நிறுத்தக் கூடாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எடுக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முழு வழிகாட்டியும் ஒரே விதியின் மேல் நிற்கிறது: பாடம் வீட்டில் யார் காதில் விழுந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி இருக்க வேண்டும்; பிள்ளை கேட்கிற கேள்வி மட்டும் வீட்டில் யார் காதிலும் விழக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் மீதி வேலை எளிது.

படி 1: போன் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

எந்தப் பாடத்துக்கும் முன்னால் ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். பிள்ளையின் பெயர், வீட்டில் இருக்கும் போன் யாருடையது, பிள்ளையின் கைக்கு அது எப்போது வரும், அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள். வகுப்பு ஆசிரியர் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினால் இது நிரம்பிவிடும்.

நிரம்பிய பிறகு பார்த்தால் பல விஷயம் தெரியும். பாதி வீடுகளில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பும். அண்ணன், தங்கை இருவரும் படிக்கிற வீட்டில் அண்ணனுக்கு வகுப்பு முடிந்த பிறகுதான் தங்கைக்கு. ஹெட்போன் இருக்காது, ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். பகல் பதினோரு மணிக்கு ஜூமில் நேரலையாக மாதவிடாய்ப் பாடம் எடுப்பதில் எந்தப் பயனும் இல்லை என்பது இந்த நோட்டைப் பார்த்தாலே புரிந்துவிடும். நேரலை வகுப்பை விட மூன்று, நான்கு நிமிட வாட்ஸ்அப் குரல் பதிவுதான் நம் ஊருக்குத் தோது. டேட்டா குறைவாகச் செலவாகும், எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், திரும்பவும் கேட்கலாம்.

போனே இல்லாத பிள்ளைகளைத் தனிப் பட்டியலாக எழுதுங்கள். அவர்களுக்கு அச்சிட்ட ஒரு தாள் போதும். உலர் உணவுப் பொருள் வாங்கவும் பாடப்புத்தகம் வாங்கவும் பள்ளிக்கு வருகிற நாளில் அதைக் கையில் கொடுத்துவிடலாம். அந்த நாட்களைப் பற்றிக் கீழே இன்னும் சொல்கிறேன்.

படி 2: பெற்றோரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்

பாடம் போன பிறகு பெற்றோருக்குத் தெரிய வந்தால் சண்டை வரும். முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் வராது. தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் இருவரிடமும் பேசிவிட்டு, பெற்றோர் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

“பெற்றோர்களுக்கு வணக்கம். அடுத்த ஆறு வாரத்துக்கு, வாரம் ஒரு குரல் பதிவு வரும். வளரும் வயதில் உடம்பில் வரும் மாற்றம், சுத்தம், சத்தான சாப்பாடு, பாதுகாப்பு, வீட்டில் ஆணும் பெண்ணும் சமமாக இருப்பது பற்றிப் பேசுவோம். நீங்களும் கூட இருந்து கேட்கலாம். சந்தேகம் இருந்தால் பள்ளி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.”

‘செக்ஸ் கல்வி’ என்று தலைப்புப் போட வேண்டாம். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. அந்தப் பெயரிலேயே போங்கள். அரசுப் பாடநூலில் இருக்கிற பாடம் என்றால் எதிர்ப்பவர்களும் யோசிப்பார்கள்.

“இதெல்லாம் இப்பவே எதுக்கு டீச்சர், பிள்ளை கெட்டுப்போயிராதா?” என்று ஒரு அம்மா கட்டாயம் கேட்பார். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டு நூல், பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்தக் கல்வி பிள்ளைகளைச் சீக்கிரம் உறவில் ஈடுபடத் தூண்டுவதில்லை என்கிறது. சரியாகக் கற்பித்த இடங்களில் அது தள்ளிப்போகவும் செய்திருக்கிறது. அந்த அம்மாவிடம் நான் இதைச் சுருக்கமாகச் சொல்வேன்: “நாம சொல்லலன்னா போன் சொல்லிக்குடுத்துரும்மா. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க.”

இந்த வேலையைத் தனி ஆளாகச் செய்யாதீர்கள். ஒரு ஆசிரியை, ஒரு ஆசிரியர் என இரண்டு பேர் வேண்டும். கூடவே கிராம சுகாதாரச் செவிலியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் பேசத் தயங்கும் விஷயங்களை நர்ஸம்மா வாசல் படியில் நின்று இயல்பாகப் பேசிவிட்டுப் போவார். ஊரடங்கிலும் தெருத்தெருவாக நடந்தவர்கள் அவர்கள்தான்.

படி 3: எந்த வகுப்புக்கு என்ன

ஆறு, ஏழாம் வகுப்புக்கு உடல் உறுப்புகளின் பெயர், பருவமடைதல், மாதவிடாய், தொடக் கூடாத தொடுதல், அதை யாரிடம் சொல்வது. இது போதும். எட்டு முதல் பத்து வரை இதோடு இணையப் பாதுகாப்பு, ஈர்ப்பு, சம்மதம், கருவுறுதல் எப்படி நடக்கிறது, குழந்தைத் திருமணச் சட்டம். பதினொன்று, பன்னிரண்டுக்குக் கருத்தடை, எச்.ஐ.வி. உள்ளிட்ட பால்வினை நோய்கள், உறவில் வன்முறை, பாலின அடையாளம். வயது பார்த்துப் பிரிப்பது பெற்றோருக்கும் தைரியம் கொடுக்கும்.

பெண்பிள்ளைக்குத் தனி, ஆண்பிள்ளைக்குத் தனி என்று பதிவைப் பிரிக்க வேண்டாம். மாதவிடாய் பற்றிப் பையனும், குரல் உடைவது பற்றிப் பெண்ணும் கேட்கட்டும். கேள்வி கேட்கும் வழியை மட்டும் பிரித்தால் போதும்.

படி 4: மாதவிடாய்ப் பாடம், வீட்டு நிலவரத்தோடு

பாடநூலில் இருக்கும் கருப்பை, சினைப்பைப் படத்தோடு இது முடியாது. தொற்றுக் காலத்தில் பிள்ளை சந்தித்த சிக்கல் வேறு. பள்ளியில் விலையில்லாமல் கிடைத்த நாப்கின் நின்றது. முதல் ஊரடங்கு அறிவித்தபோது அத்தியாவசியப் பொருட்களில் நாப்கின் சேருமா என்பதே தெளிவாக இல்லை; சில நாள் கழித்து, மார்ச் 29-ஆம் தேதிதான் மத்திய அரசு சேரும் என்று தெளிவுபடுத்தியது. கூலி நின்றுபோன வீட்டில் முதலில் வெட்டுப்படும் செலவும் அதுதான். அதனால் நிறைய பேர் துணிக்குத் திரும்பினார்கள்.

துணி கேவலமானது என்று சொல்லிவிடாதீர்கள். பருத்தித் துணியைச் சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தினால் கெடுதல் இல்லை. சிக்கல் வெயிலில்தான் இருக்கிறது. அப்பா, அண்ணன், சித்தப்பா எல்லோரும் பகல் முழுக்க வீட்டில் இருக்கும்போது கொடியில் எப்படிப் போடுவாள்? அம்மாவின் பழைய சேலைக்கு அடியில், இருட்டு மூலையில், பாதி ஈரத்தோடு காயவைப்பாள். அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினால் அரிப்பும் தொற்றும் வரும். குரல் பதிவில் இதை நேரடியாகச் சொல்லுங்கள். அம்மாவும் அப்பாவும் கேட்கத்தான் சொல்கிறோம்:

“இந்தத் துணி வெயில்ல காயணும். மொட்டை மாடியோ, கொல்லைக் கொடியோ, வெளிச்சம் படுற இடமா இருக்கட்டும். மத்த துணி காயற மாதிரி இதுவும் காயுது, அவ்வளவுதான். வீட்டுல இருக்கிற ஆம்பளைங்க பார்த்தா ஒண்ணும் ஆகாது.”

மற்ற விவரங்களும் எண்ணோடு போகட்டும். நாப்கினை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மொத்தமாக வெளியேறும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிதான், அதாவது இரண்டு, மூன்று மேசைக்கரண்டி. சின்னப் பெண்களுக்குச் சுழற்சி 21 நாளிலிருந்து 45 நாள் வரை முன்பின் ஆகலாம், முதல் இரண்டு வருடம் ஒழுங்கில்லாமல் வருவது இயல்பு. மூன்று மாதம் வராமலே இருந்தாலும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். பள்ளியில் வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, பள்ளி மூடினால் கைக்கு வராது. அதை நர்ஸம்மா வழியாகவோ அங்கன்வாடி வழியாகவோ கொண்டுசேர்க்க முதல் வாரமே ஏற்பாடு செய்யுங்கள்.

தீட்டு பற்றி எப்படியும் பேச்சு வரும். ஊரடங்கில் ஒற்றை அறை வீட்டில் அந்தப் பிள்ளை மூன்று நாள் எங்கே ஒதுங்கி உட்காரும்? வராந்தாவிலும் மாட்டுக் கொட்டகைப் பக்கத்திலும் படுத்த பிள்ளைகள் உண்டு. சாமி, சடங்கு பற்றி வாதம் செய்யாமல், “தனியாப் படுக்கவச்சா ராத்திரி பாதுகாப்பு இல்ல, சத்தா சாப்பிடவேண்டிய நாள் அது” என்று உடல்நலத்தின் பக்கம் நின்று பேசினால் பாட்டிமார்கூடக் காது கொடுப்பார்கள்.

வதந்தியையும் பாடமாக்கிக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலில், மாதவிடாய்க்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் பெண்கள் கொரோனா தடுப்பூசி போடக் கூடாது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது. அது பொய் என்று மத்திய அரசே மறுத்தது. ‘இந்தச் செய்தியை யார் எழுதியது, எந்த மருத்துவர் பெயர் இருக்கிறது, அனுப்பியவருக்கு எப்படித் தெரியும்’ என்று மூன்று கேள்வியைப் பிள்ளைகளிடம் கொடுத்து, வந்திருக்கும் செய்தியை அவர்களையே சோதிக்கச் சொல்லுங்கள்.

படி 5: பையன்களின் பயம்

எல்லோரும் விட்டுவிடுகிற பகுதி இது. நான் நேரம் அதிகம் கொடுக்கச் சொல்வதும் இதற்குத்தான். ‘விந்து விட்டவன் நொந்து கெட்டான்’ என்ற பழமொழியைக் கேட்டு வளர்கிறான் பையன். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸும் பின்னிரவு டிவி நிகழ்ச்சியும் அதையே சொல்கின்றன. ஒரு துளி விந்துக்கு இத்தனை துளி ரத்தம் என்று ஒரு கணக்கும் சுற்றுகிறது. தூக்கத்தில் விந்து வெளியேறினால் தனக்கு ஏதோ நோய் என்று நம்பி, எடை குறைந்து, படிப்பில் மனம் போகாமல் கிடக்கிற பதினாலு வயசுப் பையன் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவனாவது இருப்பான். பள்ளி திறந்திருந்தால் நண்பர்களோடு பேசிக் கொஞ்சம் தெளிவான். அறைக்குள் போனோடு தனியாக இருந்தால் பயம்தான் வளரும்.

ஆசிரியர் ஒருவர், ஆண் குரலில், அமைதியாக இதைச் சொல்லட்டும்: “தம்பிகளா, தூக்கத்துல விந்து வெளியேறுறது இந்த வயசுல இயல்பு. அது நோய் இல்ல. பருவம் வந்ததிலிருந்து உடம்பு விந்தணுவைத் தொடர்ந்து உண்டாக்கிக்கிட்டே இருக்கும். ரத்தம் குறையாது, பலம் குறையாது, மூளை குழம்பாது. சுயஇன்பத்தாலயும் ஆண்மை போகாது. இதுக்கு மருந்து விக்கிறவங்ககிட்டக் காசு குடுக்காதீங்க. சந்தேகம்னா அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கிட்டக் கேளுங்க.” இரண்டு நிமிடப் பேச்சுதான். ஆனால் ஒருவனுக்கு அது பெரிய விடுதலை.

வகுப்புக்காக வாங்கிக்கொடுத்த போனில் ஆபாசப் படமும் வந்து சேர்ந்தது என்பதை நாம் ஒத்துக்கொண்டே பேச வேண்டும். திட்டுவதால் பயனில்லை. அது நடிப்பு, காசுக்காகப் படமெடுத்தது, அதில் யாரும் சம்மதம் கேட்பதில்லை, யாரும் கருத்தடை பயன்படுத்துவதில்லை, வலித்தால் நிறுத்துவதில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அங்கிருந்து சம்மதம் பற்றிய பேச்சுக்கு எளிதாகப் போய்விடலாம்: சும்மா இருந்தால் சரி என்று அர்த்தமில்லை, பயத்தில் சொன்ன ‘சரி’யும் சம்மதம் ஆகாது, முதலில் சரி என்றவள் பிறகு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால், சம்மதம் இருந்தாலும் சட்டம் அதைக் குற்றமாகவே பார்க்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காதலித்து ஓடிப்போய், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் வழக்கில் மாட்டிய பையன்கள் நிறைய.

படி 6: கேள்வி வந்து சேரும் வழி

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் “சந்தேகம் இருந்தால் கேளுங்கள்” என்று போட்டால் ஒரு கேள்வியும் வராது. மூன்று வழி வையுங்கள்.

முதலாவது சீட்டு. பொருள் வாங்கப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் நாளில் எல்லோருக்கும் ஒரே அளவுச் சீட்டுக் கொடுத்து, எல்லோரையும் எழுதி மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். கேள்வி இல்லாதவர்கள் ‘கேள்வி இல்லை’ என்று எழுதட்டும். அப்போதுதான் யார் கேட்டது என்று யாருக்கும் தெரியாது. பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். வந்த கேள்விகளுக்கான பதிலை அடுத்த வாரக் குரல் பதிவில், பொதுவாகச் சொல்லிவிடலாம். “முத்தம் கொடுத்தால் குழந்தை பிறக்குமா?” என்பதிலிருந்து “எங்க மாமா என்னைக் கட்டிப்பிடிக்கும்போது எனக்குப் பிடிக்கலை, அது தப்பா?” என்பது வரை ஒரே பெட்டியில் கிடக்கும். இரண்டாவது மாதிரிச் சீட்டு ஒன்று வந்தால்கூட, அந்த வாரப் பதிவில் “அது தப்பு, உன் மேல தப்பு இல்ல, நீ எங்ககிட்டப் பேசு” என்று சொல்லி, எந்த நேரத்தில் எந்த எண்ணுக்கு என்றும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, மிஸ்டு கால். பள்ளிக்கென்று ஒரு எண். பிள்ளை மிஸ்டு கால் விட்டால் நோட்டில் குறித்திருக்கும் நேரத்தில் ஆசிரியை திரும்ப அழைப்பார். “கணக்குல சந்தேகம் மிஸ்” என்று ஆரம்பித்தால் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேள்வி கேளுங்கள்.

மூன்றாவது, 1098-ஐயும் கல்வித் துறையின் 14417-ஐயும் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் சொல்வது. சலிப்பாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. வீட்டுக்குத் தெரியாத வழி என்றால், அதைத் தவறான ஆசிரியரும் பயன்படுத்த முடியும். 2021 மே மாதம், இணைய வகுப்பில் ஆசிரியர் ஒருவர் நடந்துகொண்ட விதம் குறித்துச் சென்னையில் முன்னாள் மாணவிகளும் மாணவிகளும் வெளிப்படையாகப் பேசிய பிறகு, அடுத்தடுத்து வேறு பள்ளிகளிலிருந்தும் புகார்கள் வந்தன. அரசு இணைய வகுப்புகளுக்கு விதிமுறை வகுத்தது, பள்ளிகளில் மாணவர் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொன்னது. ஆகவே, கேள்வி வீட்டுக்கு ரகசியமாக இருக்கலாம், பள்ளிக்கு ரகசியமாக இருக்கக் கூடாது. ஆசிரியரின் சொந்த எண் வேண்டாம். ஒவ்வொரு அழைப்பும் பதிவேட்டில் ஏற வேண்டும், இரண்டாவது ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். இரவு எட்டரைக்கு மேல் பேச்சு கிடையாது. பிள்ளையிடம் படம் கேட்பது, வீடியோ காலில் தனியாக வரச் சொல்வது எந்தக் காரணத்துக்கும் இல்லை. இந்த விதிகளைப் பிள்ளைகளுக்கே சொல்லிவிடுங்கள்: “எந்த டீச்சராவது, சாராவது இதை மீறினா, அதையும் சொல்லுங்க.”

படி 7: சமத்துவத்தை வீட்டு வேலையிலிருந்து தொடங்குங்கள்

ஆணும் பெண்ணும் சமம் என்று பேச்சுப்போட்டி வசனம் சொல்வதால் ஒன்றும் நடக்காது. ஊரடங்கு என்பது சமத்துவப் பாடத்துக்கு நல்ல வாய்ப்பு, ஏனென்றால் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள், யார் என்ன செய்கிறார்கள் என்பது கண் முன்னால் தெரிகிறது.

ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளில் எழுதட்டும். வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்தார், யார் தண்ணீர் பிடித்தார், யார் சமைத்தார், யார் பாத்திரம் கழுவினார், யார் கடைசியில் சாப்பிட்டார், யாருக்கு மீன் துண்டு வந்தது, போன் யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது. கருத்து எழுதவே வேண்டாம், நேரம் மட்டும். வாரக் கடைசியில் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நாட்டுக் கணக்கைக் கொடுங்கள்: 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்கு 299 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். கூலியில்லாத வேலை இது. அதுவும் ஊரடங்குக்கு முன்னால் எடுத்த கணக்கு.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. அம்மா என்ற கட்டத்தில் காலை ஐந்திலிருந்து இரவு பத்தரை வரை இடைவெளியே இல்லை, எழுத இடம் போதாமல் ஓரத்தில் திருப்பி எழுதியிருக்கிறான். தன் கட்டத்தில் ‘சாப்பிட்டேன், ஃப்ரீ ஃபயர், தூங்கினேன்’ என்று எழுதி, அடியில் பென்சிலால், “நாளையிலிருந்து தண்ணி நான் பிடிப்பேன்” என்று போட்டிருந்தான். நான் எதுவும் சொல்லவில்லை. தாள் சொன்னது.

அதற்கடுத்த வாரம் பையன்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஒரு வேலையை முழுசாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வது. ‘அம்மாவுக்கு உதவி’ என்று பெயர் வைக்க வேண்டாம், அது வீட்டு வேலை, எல்லோருடையதும். தோசை சுடும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். போட்டோவுக்காக ஒரு நாள் செய்வார்கள். மூன்று வாரம் கழித்து அம்மாவிடம் கேட்டால் போதும்.

பையன்களுக்கும் பாலினச் சுமை உண்டு என்பதை மறக்க வேண்டாம். கூலி நின்ற வீட்டிலிருந்து பையனைத்தான் சித்தாள் வேலைக்கும் மெக்கானிக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் அனுப்பினார்கள். ‘ஆம்பளைப் பிள்ளை சம்பாதிக்கணும்’ என்ற பேச்சில் படிப்பைத் தொலைத்தவர்கள் அவர்கள்.

திருநர் பிள்ளைகளுக்கு வீடே கடினமான இடமாக இருக்கலாம். பள்ளியில் ஒரு தோழி இருந்திருப்பாள், இப்போது அவளும் இல்லை. பதிவில் ஒரு வரியாவது அவர்களுக்காக இருக்கட்டும்: இப்படி உணர்வது நோயில்லை, மாற்ற மருந்தும் இல்லை, மாற்ற வேண்டியதும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில், பாலின அடையாளத்தையோ ஈர்ப்பையோ மருத்துவத்தின் பெயரால் மாற்ற முயல்வதைத் தடை செய்ய வேண்டும் என்று சொன்னது. பெற்றோர் கேட்டால் இதைச் சொல்லலாம்.

படி 8: பிள்ளை சொல்லிவிட்டால்

பாடம் நன்றாக நடந்தால் ஒரு நாள் ஒரு பிள்ளை சொல்லும். அதற்குத் தயாராக இல்லாமல் பாடத்தைத் தொடங்கக் கூடாது.

முதல் கேள்வி: “இப்ப பேச முடியுமா? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?” இருந்தால் வேறு நேரம் குறியுங்கள். ஆனால் “இன்னைக்கு ராத்திரி பயமா இருக்கா?” என்று கேட்காமல் வைக்காதீர்கள். ஆமென்றால் அடுத்த அழைப்பு உடனே 1098-க்கு.

பேச முடிந்தால், கேளுங்கள், குறுக்கிடாதீர்கள். “நீ சொல்றதை நம்புறேன். இது உன் தப்பு இல்ல. சொன்னது நல்லது.” இந்த மூன்று வாக்கியம் கட்டாயம். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள், சட்டப்படி நீங்கள் சொல்லியாக வேண்டும். “உன்னைப் பத்திரமா வைக்க யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்” என்று சொல்லுங்கள். ஏன் முன்னமே சொல்லவில்லை, எத்தனை தடவை, என்ன உடை என்றெல்லாம் துருவ வேண்டாம். விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, தேதியும் நேரமும் போட்டு வையுங்கள். வீட்டுக்குப் போன் போட்டு “இப்படி ஒரு விஷயம் கேள்விப்பட்டேன்” என்று கேட்கவே கேட்காதீர்கள். செய்தவர் அந்த வீட்டிலேயே இருக்கலாம்.

போக்சோ சட்டம் 2012-இன் பிரிவு 19-படி, குற்றம் நடந்ததாகத் தெரிய வந்த எவரும் காவல் துறையிடம் தெரிவிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மேல் வழக்கு வராது. தெரிந்தும் மறைத்தால் பிரிவு 21-படி ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை. ‘பள்ளிக்குக் கெட்ட பெயர்’ என்று யாராவது இழுத்தால் இந்தப் பிரிவை எடுத்துக் காட்டுங்கள். பிள்ளைக்கும் தைரியம் சொல்லலாம்: வாக்குமூலம் வாங்கப் போலீஸ் சீருடையில் வரக் கூடாது, உன் வீட்டிலோ நீ விரும்பும் இடத்திலோ கேட்பார்கள், கூடியவரை பெண் அதிகாரிதான் வருவார், உன் பெயர் வெளியே வராது.

நடந்து மூன்று நாளுக்குள் என்றால் மருத்துவமனை அவசரம். கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், சீக்கிரம் கொடுத்தால் இன்னும் நல்லது. அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் இலவசமாக உடனே சிகிச்சை கொடுத்தாக வேண்டும். எஃப்.ஐ.ஆர். கொண்டுவா என்று திருப்பி அனுப்பக் கூடாது.

படத்தை வைத்து மிரட்டுகிறான் என்று வந்தால், அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், காசு கொடுக்க வேண்டாம், இன்னொரு படம் அனுப்பவே வேண்டாம். 1930 இணையக் குற்ற உதவி எண்.

படி 9: கல்யாணப் பேச்சு

இதற்கு அறிகுறி அமைதிதான். குரல் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தவளின் எண்ணில் நீல டிக் நின்றுபோகும். போன் போட்டால் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பார்கள். தோழிதான் சொல்வாள், “மிஸ், அவளுக்குப் பேசி முடிச்சிட்டாங்க” என்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் பதினெட்டுக்கு முன்பே திருமணமானவர்கள். ஊரடங்கில் ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றதும், மண்டபச் செலவில்லை, பந்திச் செலவில்லை, இப்போதே முடித்துவிடலாம் என்ற எண்ணம் பல வீடுகளில் வந்தது. பள்ளியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

கேட்கிற ஆள் நாம்தான். 1098-க்கோ, மாவட்ட சமூகநல அலுவலருக்கோ, அவர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், உடனே தெரிவியுங்கள். சொன்னவர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். நிறுத்திய பிறகும் வேலை முடியாது. வேறு ஊரில், வேறு கோயிலில் வைத்து முடித்துவிடுவார்கள். வாரம் ஒருமுறை அந்தப் பிள்ளையோடு பேசிக்கொண்டே இருங்கள், அம்மாவோடும் பேசுங்கள். பெரும்பாலான அம்மாக்கள் பயத்தில்தான் ஒத்துக்கொள்கிறார்கள், “வயசுக்கு வந்த பிள்ளையை வீட்டுல வச்சுக்கிட்டு நான் எப்படி வேலைக்குப் போவேன் டீச்சர்?” என்பார்கள். அந்தக் கேள்விக்கு விடுதி இடம், கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா மாதிரியான உண்டு உறைவிடப் பள்ளி என்று கையில் ஒரு பதில் இருக்க வேண்டும்.

பள்ளி திறந்த முதல் வாரம்

பாடத்தை உடனே ஆரம்பித்துவிடாமல், முதலில் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, நாப்கின் எரியூட்டி வேலை செய்கிறதா. பிறகு அந்தச் சீட்டுப் பெட்டியை வகுப்பறை வாசலில் நிரந்தரமாக வையுங்கள், பதில் சொல்லும் நாளையும் அறிவியுங்கள். ஆறு வாரப் பதிவில் சொன்னதையே நேரில் ஒருமுறை சொல்லுங்கள்; போனில் கேட்டபோது பக்கத்தில் அப்பா இருந்ததால் காதில் ஏறாமல் போனது நிறைய இருக்கும்.

அப்புறம், வருகைப் பதிவேட்டையும் படி 1-இல் எழுதிய நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நோட்டில் இருந்து பதிவேட்டில் இல்லாத ஒவ்வொரு பெயருக்கும் அந்த வாரத்துக்குள் யாராவது ஒருவர் வீடு தேடிப் போக வேண்டும். பெண்பிள்ளை என்றால் ஆசிரியையும் நர்ஸம்மாவும், பையன் என்றால் வேலை செய்கிற கடைக்கே ஆசிரியரும் மேலாண்மைக் குழு உறுப்பினரும். திரும்பி வந்தவர்களின் பெயருக்கு எதிரில் தேதியை எழுதுங்கள். தேதி விழாத பெயர்களின் பட்டியலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் எழுத்துப்பூர்வமாக அனுப்பி, ஒப்புகை வாங்கி வையுங்கள்.